காதில் நெருப்பு வைத்த செவ்வாய்க்கிழமை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எந்த டிரிம்மர் வாங்கலாம் அண்ணா? டிரிம்மர் கிடக்கட்டும் ஒரு பக்கம். மூன்று நாட்டில் முடி வெட்டியவன் சொல்கிறேன், முதலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆள் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள். நான் பார்க்காமல் பட்டது இது.

1. மூன்று ஊர் நாற்காலி

சிங்கப்பூரில் மூன்று வருடம். வாசலில் இருக்கும் மெஷின் டோக்கன் கொடுக்கும். பத்து நிமிடத்தில் ஆளை எழுப்பி அனுப்பிவிட வேண்டும். பேச்சே கிடையாது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று விரலால் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூன்று வருடத்தில் ஒருவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

மஸ்கட்டில் எட்டு வருடம். முதலாளி துருக்கிக்காரர், நல்ல மனிதர், மூக்கின் மேல் கோபம். அங்கே வருகிறவர் முதலில் டீ குடிப்பார், பிறகு என் குடும்பத்தில் ஒவ்வொருவரையும் நலம் விசாரிப்பார். தாடிக்கு மட்டும் முக்கால் மணி நேரம். கோடு ஒரு நூல் கோணினால் அவ்வளவுதான், அடுத்த கடைக்குப் போய்விடுவார். கூடவே காதுக்கு நெருப்பு உண்டு. குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, கொளுத்தி, காது மடலில் சட்டென்று தட்டித் தட்டி எடுப்போம். காது முடி பொசுங்கிவிடும், சூடு தெரியாது. அவர்கள் சொகுசாகக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் "மீடியம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாய்ந்துவிடுவார்கள். மீதி எல்லாம் பேச்சு. எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கிறது, எந்த வீடு வாடகைக்கு வருகிறது, யார் வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரில் இரண்டு பேருக்கு வெட்ட முடியே இருக்காது. பேப்பர் படிக்க வந்தவர்கள்.

2. எனக்கு மட்டும் தோன்றிய யோசனை

பதினோரு வருடம் கழித்து ஊருக்கு வந்து முடிச்சூர் ரோட்டில் சொந்தக் கடை போட்டேன். தெருவுக்குத் தெரு சலூன் இருக்கிற இடம். என் பெஞ்சு காலியாகவே கிடந்தது. துருக்கி முதலாளி போன் செய்தார். உன் நாற்காலியை இந்த மாதக் கடைசி வரை காலியாக வைத்திருப்பேன், அப்புறம் வேறு ஆள் என்றார்.

என் மகள் நிவேதாவுக்கு ஒன்பது வயது. அதுவரை அவளுக்கு நான் போனில் தெரிகிற அப்பா; லீவில் வந்தால் பகலெல்லாம் வீட்டில் இருந்துவிட்டுப் பெட்டி கட்டிப் போய்விடுகிற அப்பா. இப்போதுதான் என் தட்டிலிருந்து அப்பளத்தைத் திருடித் தின்கிற அளவுக்கு வந்திருந்தாள். மறுபடி பெட்டி கட்ட எனக்கு மனசில்லை.

அப்போதுதான் அந்த யோசனை. நம் பக்கம் செவ்வாய்க்கிழமை எல்லா சலூனும் லீவு, அன்றைக்கு யாரும் முடியில் கத்தி வைக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் ஏது செவ்வாய், மஸ்கட்டில் ஏது செவ்வாய்? நான் திறந்தேன். எதிர்க்கடை டீ மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். நாலு செவ்வாய் ஈ ஓட்டினேன்.

3. தேவசகாயம் சார்

ஐந்தாவது செவ்வாய் மாதத்தின் கடைசி நாள். மஸ்கட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளும் அதுதான். காலை பத்து மணிக்கு தேவசகாயம் சார் உள்ளே வந்தார். பின் தெருவில் குடியிருப்பவர், அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்டென்ட், குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் ஒரு கடையை நல்ல கடை என்றால் பின்னாலேயே நாற்பது வீடு வரும்.

"எனக்கு செவ்வாயும் ஒண்ணுதான், வெள்ளியும் ஒண்ணுதான்பா. இன்னிக்கு எனக்கு ரிடையர்மென்ட். நாலு மணிக்கு சால்வை போட்டு போட்டோ எடுப்பாங்க. பாத்து பண்ணு" என்றார்.

கும்பிடாத குறையாக உட்கார வைத்தேன். மூக்குக் கண்ணாடியையும் போனையும் வாங்கி ஷெல்ஃபில் வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே வைத்துக்கொண்டார். வலது பக்கம் வெட்டி முடித்தபோது காது முடி கண்ணில் பட்டது, நல்ல புதர். நம் வேலையைக் காட்டுவோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பஞ்சைக் கொளுத்திக் காதருகே கொண்டுபோனேன்.

கண்ணாடி இல்லாத மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் முகத்தை நோக்கி வருகிற நெருப்பு. அறுபது வயதில் ஒருவர் அந்த நாற்காலியைத் தாண்டிக் குதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. கழுத்தில் கட்டிய துணி பறக்க, வெறுங்காலோடு முடிச்சூர் ரோட்டில் ஓடினார். இடது பக்கம் முழுத் தலை, வலது பக்கம் மீடியம்.

கண்ணாடி, போன், செருப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு டிரைவர் வழி மறித்தார். "இன்னா அண்ணாத்தே, பெர்சை இன்னா பண்ண? காதுல நெருப்பு வெக்கிறான், நெருப்பு வெக்கிறான்னு சொல்லிகினே ஓடறாரு." பக்கத்தில் பத்துப் பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கடை அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். நிவேதாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

சாரைக் கடைசியில் ஒரு ஷட்டருக்கு முன்னால் பிடித்தேன். சலூன் என்று நினைத்து, பூட்டியிருந்த மொபைல் கடையைத் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு மொபைல் கடை போர்டைப் பார்த்தார்.

"உங்கிட்ட வரவே மாட்டேன்" என்றார்.

"வேற எங்க சார் போவீங்க? இன்னிக்கு செவ்வாக்கிழமை. தாம்பரம் முழுக்க என் கடை ஒண்ணுதான் தொறந்திருக்கு."

ஒரு நிபந்தனையோடு வந்தார். பஞ்சுக் குச்சியும் லைட்டரும் அவர் கையில் இருக்கும். மீதி வெட்டி முடிக்கிற வரை இரண்டையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த அளவு மன்னிப்புக் கேட்டேன். மஸ்கட்டில் எல்லோரும் ஆசையாகக் காதைக் காட்டுவார்கள் சார் என்றேன். எத்தனை வருடம் வெளியில் இருந்தாய் என்று கேட்டார், பதினொன்று என்றேன். மறுபடி போவாயா என்றார். இன்றைக்குச் சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

எதிரே இருந்த கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நாளைலேந்து வீட்டுல என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியலப்பா. முப்பத்தஞ்சு வருஷம் ராத்திரிக்கு மட்டும் போன வீடு. அந்த பயத்துக்கு முன்னாடி உன் நெருப்பெல்லாம் ஒண்ணுமில்ல."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று மாலை மஸ்கட்டுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். முதலாளி கத்தினார். கடை ஓடும் என்று அப்போது எனக்கு உத்தரவாதமே இல்லை.

4. ஞாயிற்றுக்கிழமை

சார் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார். ஞாயிறு காலை பெஞ்சு நிறைந்து வாசல் வரை ஆள். எல்லோரும் நெருப்பைப் பார்க்க வந்தவர்கள். வைக்கட்டுமா என்றால் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைக் கை காட்டினார்கள். ஆனாலும் வந்ததற்கு ஒரு மீடியம் வெட்டிக்கொண்டு போனார்கள், அடுத்த மாதமும் வந்தார்கள். இதுவரை காதைக் காட்டியவர் ஒரே ஒருவர். தேவசகாயம் சார்தான். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தபடி, "சொல்லிட்டு வை" என்றார்.

தம்பிகளே, அந்த இரண்டு வார்த்தைதான் நான் கற்ற தொழில். சொல்லிட்டு வை.

செவ்வாய்க்கிழமைகளில் இப்போது நானும் கடை திறப்பதில்லை. அன்றைக்கு மாலை பள்ளிக்கூடம் விட்டு நிவேதா வரும்போது கதவைத் திறப்பது நான்தான். முதல் வாரம் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பையைக் கழற்றவில்லை.

"எப்போ கிளம்பற?" என்று கேட்டாள்.