ஜன்னலோரக் கிண்ணம்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளராக இருப்பவரை எல்லாரும் லேப் அக்கா என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம். ஜன்னலோரம் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்: "இங்கே உள்ள கிண்ணத்தைக் கழுவாதீர்கள். அது அழுக்கு இல்லை, உப்பு."

அமிலத்தையும் காரத்தையும் சரியான அளவில் கலந்தால் இரண்டும் அடங்கி உப்புத் தண்ணீராகிவிடும். அதைக் கடைசிச் சொட்டுவரை கொதிக்கவிட்டால் உப்பு வெடித்துத் தெறிக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்போதே அக்கா அடுப்பை அணைத்து, கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிடுவார். நாலு நாளில் அடியில் உப்பு சதுரம் சதுரமாக உட்கார்ந்திருக்கும். தெரியாதவர்களுக்கு அது கழுவாத பாத்திரம்தான். அப்படிக் கழுவி வைத்த டீச்சர்கள் மூன்று பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"இது என்ன உங்க வீட்டுத் தட்டா, பார்த்ததும் தேய்க்கிறதுக்கு?"

ஒரு நாள் காலையில், வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. சாயங்காலம்தான் ரயில். அதுவரை சும்மா உட்கார முடியாமல், அக்கா ஆய்வகத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் தேய்த்துக் கழுவினார். பேத்தி பிறந்துவிட்டாள் என்ற செய்தி வந்த பிறகுதான் ஜன்னலைப் பார்த்தார். கிண்ணம் பளபளவென்று இருந்தது.

மத்தியானம் கெமிஸ்ட்ரி டீச்சர் வந்தார்.

"யாரு அக்கா கழுவினது? சொல்லுங்க, நான் கேக்கிறேன்."

"நல்லா நாலு வார்த்தை கேளுங்க டீச்சர். அவ உங்க முன்னாடிதான் நிக்கிறா."