கள்ளுக்கடையின் நடுச்சுவர்

எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் நடுச்சுவர்தான். உட்கார்ந்தால் தலை மறையும், எழுந்தால் தெரிந்துவிடும், அவ்வளவுதான் அதன் உயரம். மலேசியாவில், சிரம்பானுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் செம்பனைத் தோட்டமே இன்று இல்லை. மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கடையைப் போல யோசித்துக் கட்டிய கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் எழுப்பியது. கதவே கிடையாது. காரில் போகிற துரை யார் எங்கே விழுந்து கிடக்கிறான் என்று போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். தகரக் கூரை, வாய்க்காலை நோக்கிச் சரியும் சிமிண்டுத் தரை. பெஞ்சுகளும் சிமிண்டுதான், தரையோடு சேர்த்துக் கட்டியவை. சண்டை வந்தால் தூக்கி அடிக்க முடியாது பாருங்கள். கம்பி போட்ட சின்ன ஜன்னல் வழியாகத்தான் கள் வரும். பின்பக்கம் பெண்களுக்கென்று இன்னொரு ஜன்னல். வாங்கியதை அங்கேயே குடித்து முடிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

துரை கட்டாதது நடுச்சுவர் ஒன்றுதான். அதைக் கட்டியவர்கள் நம் ஆட்கள். அப்பன் பார்க்க மகன் குடிப்பதா, மாமனார் பார்க்க மருமகன் குடிப்பதா என்று, கோயில் வேலையில் மிஞ்சிய செங்கல்லைக் கொண்டுவந்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரே முன்னால் நின்று எழுப்பிவிட்டாராம். பெரியவர்கள் ஒரு பக்கம், இளவட்டம் மறுபக்கம். குடிக்கலாம், கண்ணில் படக்கூடாது. என்ன மரியாதையோ! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர்தான் என் அண்ணனைக் காப்பாற்றி வைத்திருந்தது.

அப்பா அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம். அண்ணனின் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், அப்பா ஒரு கனைப்புக் கனைப்பார். அண்ணன் குவளையை வைத்துவிட்டு, தலை தெரியாதபடி குனிந்தே வெளியேறி வீட்டுக்கு வந்துவிடுவான். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அப்பனும் மகனும் ஒரே கடையில் போய் விழுகிறார்களே, எந்த ஜென்மத்துப் பாவமோ என்று தலையில் அடித்துக்கொள்வார்.

கடையை மூடச் சொல்லித் தோட்டத்துப் பெண்கள் ஆபீஸ் முன்னால் போய் நின்றபோது அம்மாதான் முன்வரிசை. கணக்கு எழுதும் கிராணி வந்து சமாதானம் சொல்லியும் நகரவில்லை. அப்பா தடுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும் சொன்னார்: "மூடிருவாங்க, சரி. அந்தச் செவரு இருக்கிற மட்டும்தான் அவன் எனக்கு அடங்குவான். அப்பறம் யாருக்கு அடங்குவான்?" அம்மா அதைக் குடிகாரன் பேச்சு என்று தள்ளிவிட்டார். கடை மூடிய அன்று எங்கள் வீட்டில் பாயசம். நானும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அண்ணன் குடியை விடவில்லை. செம்பனைக் காட்டுக்குள் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சம்சு குடிக்க ஆரம்பித்தான். சின்னச் சின்னப் போத்தலில் வரும் மலிவுச் சாராயம் அது. கள் வயிற்றை நிறைக்கும், சம்சு குடலை அறுக்கும். அப்பா சாயங்காலங்களில் மரங்களுக்கு நடுவே கனைத்துக்கொண்டே நடப்பார். எந்த மரத்தடியிலிருந்தும் யாரும் எழுந்து வரவில்லை. தோட்டம் கைமாறி நாங்கள் பாரோய்க் குடியிருப்புக்கு வந்த கொஞ்ச நாளில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

கடையை மூடியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகுதான் எத்தனையோ வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஏறுக்குமாறாகப் போய்விட்டது.

இப்போது அண்ணனுக்குக் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஓடி வந்துவிட்டான். சாமி முன்னால் கயிறு கட்டினோம், அறுத்துப் போட்டான். பாதி நாள் ஏதாவது சாக்கடை ஓரத்தில் கிடப்பான். அம்மா குடையை எடுத்துக்கொண்டு வீதி வீதியாகத் தேடிப் போவார். நானோ ஃபேக்டரியில் ஷிப்டு வேலைக்காரி. பாதி நாள் எனக்குத் தெரியவே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பாசாரில் காய்கறி வாங்கிவிட்டு அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் சம்சு விற்கிற கடை ஒன்றின் முன்னால் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். அண்ணன் உள்ளே இருக்கிறானோ என்று பதறிவிட்டேன். அம்மா இறங்கி உள்ளே போனார். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைக் கண்டதும் ஒரு போத்தலை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

என்னம்மா இது என்று மட்டும் கேட்டேன். போத்தலைக் கீரைக்கட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டே சொன்னார்:

"வீட்டுல இருந்து குடிச்சா எங்க கெடக்கிறான்னு தேட வேணாம்லா. எடு மோட்டார, அவன் முழிச்சிருப்பான்."

நான் மோட்டாரை எடுத்தேன். வேகமாகவே ஓட்டினேன்.