புறங்கையில் ஒன்பது பத்து

திருவொற்றியூரில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது அவர் வருவார். துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. வெயிலில் தோல் உரிந்த மூக்கு. பெயர் கேட்டதில்லை. ஏதாவது பெட்டி அடிபட்டால் உடனே படம் எடுத்து, மணியைப் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். கேமரா கார்டில் இருக்கும் படங்களை நான் அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தருவேன். ஃபைலில் இருக்கும் மணியைப் பார்த்துத்தான் எந்த ஷிப்ட்டின் தவறு என்று ஆபீசில் முடிவு செய்வார்கள்.

ஒரு நாள் டிஸ்க்கை வாங்கிப்போனவர் மறுநாளே திரும்பி வந்தார்.

“இன்னா நைனா, நேத்து காலைல ஒம்போது பத்துக்கு எடுத்த படம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டா மத்தியானம் ரெண்டு நாப்பதுன்னு காட்டுது. இன்னும் யாருக்கும் குடுக்கல.”

தவறு என்னுடையதுதான். என் கடையில் லினக்ஸ், அவர் ஆபீசில் விண்டோஸ். கார்டில் இருந்த நம்மூர் நேரத்தை லினக்ஸ் லண்டன் நேரமாக எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியிருந்தது. அந்த செட்டிங்கை நான் கவனிக்கவில்லை.

“உங்க ஷிப்ட் ரெண்டு மணிக்கே முடிஞ்சிடுதே அண்ணே. இப்படியே விட்டா மெமோ உங்களுக்கு வராதே?”

“எனுக்கு வராது. ரெண்டு மணிக்கு வந்தவனுக்குப் பூடும். மாத்து.”

மாற்றினேன். சரிபார்க்க, திரைக்குப் பக்கத்தில் கையை நீட்டினார். முதல் நாள் எழுதிய ஒன்பது பத்து அதில் மங்கலாக இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்திருந்தால் போயிருக்கும்.