க்ளைமாக்ஸ் அக்கா

தியேட்டரில் அவளுக்கு 'க்ளைமாக்ஸ் அக்கா' என்று பெயர். பன்னிரண்டு வருஷமாக அங்கே பெருக்குகிறாள். படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே துடைப்பமும் குப்பைப் பையுமாகக் கதவோரம் வந்து நின்றால்தான், அடுத்த காட்சிக்குள் முந்நூறு நாற்காலிக்கு அடியிலும் புகுந்து வர முடியும். ஆக, வந்த படத்துக்கெல்லாம் முடிவு தெரியும், தொடக்கம் ஒன்றுக்குக்கூடத் தெரியாது. அதற்காக அவள் அலட்டிக்கொண்டதும் இல்லை, இந்தக் கடற்கரை வாலிபால் படம் வரும்வரை.

என்ன படமோ! சுள்ளென்று வெயில், மணல், வலைக்கு இந்தப் பக்கம் பையன், அந்தப் பக்கம் அவன் காதலிக்கிற பெண். கடைசிப் பாயிண்ட். தட்டினால் போதும் என்று பந்து அவன் தலைக்கு நேராக இறங்குகிறது. மடையன், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். தோற்கிறான். அந்தப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறாள். நாளுக்கு நான்கு தடவை, நான்கு வாரம் இதையே பார்த்தால் யாருக்குத்தான் மண்டை காயாது?

"ஏன்டி அவன் அடிக்கல?" என்று டிக்கெட் கிழிக்கிறவளைக் கேட்டாள்.

"லவ்வுக்கா, லவ்வு!"

இதெல்லாம் ஒரு பதிலா?

படத்தைத் தூக்குகிற கடைசி நாள், மேனேஜரிடம் கெஞ்சி ஒரே ஒரு காட்சிக்கு லீவு வாங்கினாள். தையல் கடையில் பட்டன் தைக்கிற கணவரையும் இழுத்துக்கொண்டு வந்து நடு வரிசையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இரண்டு காட்சிக்குக் குனிந்து நிமிர்ந்த இடுப்பு. மெத்தை நாற்காலி, ஏசி வேறு. பெயர் போடும்போதே கண் சொக்கிவிட்டது.

விசில் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு விழித்தாள். கை தன்னால் துடைப்பத்தைத் தேடியது. திரையில் பையன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

"அய்யோ! எழுப்பக் கூடாதா? இதுக்காகத்தானே நாலு வாரமா தவம் கிடந்தேன்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எழுப்பத்தான் பாத்தேன். வாயைத் திறந்துகிட்டு அப்படித் தூங்கினே. மனசு வரலை."

"சரி, அவன் ஏன் அடிக்கல? அதையாவது சொல்லித் தொலைங்க."

"அந்தப் பொண்ணு லாண்டரியில நாள் பூரா நின்னு வேலை பாத்துட்டு ஆட வர்றா. ஒரு நாளும் ஜெயிச்சதில்லை. களைச்சுப் போய் நிக்கிறவகிட்ட எப்படி அடிப்பான்? மனசு வரலை, அவ்வளவுதான்."

அவள் அவரை முறைத்தாள். கோபம் கோபமாக வந்தது, திட்டத்தான் வாய் வரவில்லை. தான் தூங்கி எச்சில் வடித்திருந்த அவர் தோளைக் கையால் துடைத்துவிட்டாள்.

விளக்கு எரிந்தது, கூட்டம் கலைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பதிலாக வந்தவள் வரிசை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, காலைக் கொஞ்சம் தூக்கிக்கோ."

அவள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள்.