உடையாத வண்டி

ராயபுரம் யார்டில் வந்து போகிற கூட்ஸ் வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்வது தேசப்பனின் வேலை. வெயிலோ மழையோ, மைப்பென்சிலும் நோட்டுமாகத் தண்டவாளத்தோரம் நடந்தே தீர வேண்டும். மனிதர் சும்மா நடக்க மாட்டார். கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் மனசுக்குள் வகுத்து உடைத்துக்கொண்டே போவார். 1008 என்றால் இருபத்தெட்டுத் தரம் முப்பத்தாறு. அதில் அப்படி ஒரு ஆனந்தம் அவருக்கு.

"இன்னாய்யா, இன்னிக்கு எத்தினி வண்டிய ஒடச்ச?" என்பாள் மனைவி சொக்கம்மாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

1928 ஐப்பசியில் ஒரு வண்டி அவரிடம் உடைய மறுத்தது. அத்திப்பட்டு உப்பு ஏற்றிய 10007. கொட்டுகிற மழையில் குறித்துக்கொண்டவர், வீட்டுக்கு வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதோடு மல்லுக்கட்டினார். ஏழால் வகுத்தால் மீதி நான்கு. பதின்மூன்றால் வகுத்தால் பத்து. நான்கையும் ஆறையும் தொடவே இல்லை; இரண்டும் மூன்றும் நுழையாத இடத்தில் அவை எங்கே நுழையும்? தொண்ணூற்றேழு வரை பார்த்துவிட்டுப் பென்சிலை வைத்தார். நூறுக்கு மேல் எதனால் வகுத்தாலும் ஈவு நூறுக்குள் வந்துவிடும். அந்தச் சின்ன எண்களைத்தான் சலித்தாயிற்றே!

"ஒடையவே ஒடையாது, சொக்கு!" என்று குதித்தார்.

"ஒடையாததுல இன்னா பெரும?"

பத்தாம் நாள் யார்டு மாஸ்டர் ராமசுப்பு கூப்பிட்டு அனுப்பினார். உப்பு வண்டி 10007 போய்ச் சேரவில்லையாம். தேசப்பனின் நோட்டில் அன்றைய பக்கத்தில் அந்த எண்ணே இல்லை; அரக்கோணம் ரயிலில் 10001 போனதாகத்தான் இருந்தது.

"மழைக்குப் பயந்து ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதினியா? நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்."

தேசப்பன் நோட்டை வாங்கிப் பார்த்தார். மழை பட்டு மைப்பென்சில் ஊதாவாய்க் கசிந்ததில் ஏழின் தலை கரைந்து ஒன்றாகியிருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ஐயா, 10001-ஐ எழுபத்துமூணால வகுத்தா மிச்சமே வராது. நான் அன்னிக்கு ராத்திரி வகுத்த வண்டில ஆறு மிச்சம். பாருங்க, எழுதிக்கீது. நான் பாத்தது ஏழுதாங்க."

ராமசுப்பு முதலில் சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்து எழுபத்துமூன்றையும் நூற்று முப்பத்தேழையும் பெருக்கினார். 10001. சிரிப்பு நின்றது. அரக்கோணத்துக்குத் தந்தி போனது. சாயங்காலமே பதில் வந்தது. 10007 அங்கேதான், பட்டியலில் எண் இல்லாத வண்டியாக, ஓரமாய் நின்றுகொண்டிருந்தது.

"நாளைக்கு நேரத்துக்கு வந்துடு" என்றார் ராமசுப்பு, அவர் முகத்தைப் பார்க்காமல்.

தேசப்பன் வீடு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொக்கம்மாள் கேட்டு முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"அது அப்படியே ஒடையாமலே கெடக்கட்டும்யா" என்றாள்.