போர்வைக்காரனின் நடுப்பக்கம்

ஓய்வு பெற்றவர்கள் கோயில் கோயிலாகப் போவார்கள். அல்லது மனை வாங்கி வழக்கில் மாட்டிக்கொள்வார்கள். 2010இல் ஓய்வு பெற்ற நான், வண்ணம் தீட்டும் பழைய புத்தகங்களைச் சேர்க்கிறேன். அதிலும் வெளிநாட்டுச் சாகச வீரர்கள் பறக்கிற, மடியில் விரித்தால் முழங்காலைத் தாண்டுகிற பெரிய அளவுப் புத்தகங்கள் மட்டும். இதுவரை இருபத்திரண்டு. முதலாவது கிடைத்தபோது எனக்கு எட்டு வயது.

கடலூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, ஒரு கப்பல்காரர் விட்டுப்போன புத்தகத்தைப் பொங்கலுக்கு முன்னால் எனக்குக் கொடுத்தார். அதில் தோளில் துணி கட்டிக்கொண்டு பறந்தவனுக்கு எங்கள் வீட்டில் போர்வைக்காரன் என்று பெயர். கூடவே மாமா ஒரு நிபந்தனையும் போட்டார்.

"இதே மாதிரி இன்னொரு பொஸ்தகம் சொல்லி வெச்சிருக்கேன். கோடை லீவு முடிஞ்சி நீ வந்ததும் இத எண்ணுவேன். ஒரு தாள் கொறஞ்சாலும் அது உனக்குக் கெடையாது."

நான் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி, போகிற இடமெல்லாம் கொண்டுபோனேனே தவிர எண்ணிப் பார்க்கவில்லை. கோடை விடுமுறைக்கு அம்மாவின் பிறந்த வீடான சிதம்பரத்துக்குப் போனபோதுதான் எண்ணினேன். இரண்டு பக்கம் அகலத்துக்குப் போர்வைக்காரன் பறந்த நடுத்தாள் இல்லை.

அம்மா குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது அடுத்த தெருத் தையல்காரம்மா, ஜாக்கெட் அளவு வெட்டி வைக்கப் பெரிய காகிதம் கேட்டாளாம். அம்மா என் பெட்டியைத் திறந்து நடுத்தாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டாளாம்.

ஓடினேன். தையல்காரம்மா ஆணியில் தொங்கிய தாளைக் காட்டினாள். போர்வைக்காரனின் வலது முட்டி, ஜாக்கெட்டின் கழுத்து வளைவோடு போயிருந்தது. மற்றபடி நலம்.

"குடுங்க அக்கா."

"உங்கம்மா முதுகளவுடா அது. அதக் குடுத்துட்டு, தீவாளிக்கு உன் மூஞ்சிய வெச்சா வெட்டறது?"

மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள், அப்பா அலுவலகத்துக்கு எழுதும் முறையில் ஒரு மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை: முன்பு இரண்டு முறை நேரில் வந்து கேட்டது. சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் தைக்க அம்மாவும் அன்று கூட வந்தாள்.

தையல்காரம்மா மனுவை வாங்கி மிஷின்மேல் வைத்துவிட்டு, அம்மாவின் உடம்பில் டேப்பைச் சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள்.

"என்னாக்கா, சொல்லவே இல்ல?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தையல்காரம்மா ஆணியிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கடா தம்பி. உங்கம்மாவுக்கு இனிமே இந்த அளவு ஆவாது."

மனுவை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. எழுத்தில் கொடுத்தால் எதுவும் நடக்கும் என்று அந்தத் தெருவில் அத்தனை பேரிடமும் சொன்னேன். அந்த நம்பிக்கையில்தான் பின்னால் முப்பத்தைந்து வருடம் அரசு வேலையும் பார்த்தேன்.

கடலூர் திரும்பியதும் மாமா எண்ணினார். முட்டி போன தாளைப் பார்த்து, "சண்டையில போயிருக்கும்" என்று ஏற்றுக்கொண்டு, இரண்டாம் புத்தகத்தைக் கொடுத்தார். அன்று கடலூரில் என்னைவிடப் பெரிய வீரன் இல்லை.

ஐந்து மாதம் கழித்துத் தங்கை பிறந்தாள். இப்படி ஒரு ஆள் வரப்போவதாக எனக்கு யாருமே முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று அம்மாவிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன்.