அற்புதமலர் திறக்காத கதவு

1997 ஜூலையில் மூன்று கிழமை, அற்புதமலர் சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக் கால்சாவிலிருந்து காலையில் கிளம்பி, பக்கத்து ஊரான பகேரியாவுக்கு ரயிலேறினாள். அங்கே பழைய வில்லா ஒன்றின் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கோடைமுகாம். முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு சமைப்பது அவள் வேலை. பதினொரு வயது மகள் ஜெனனியையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டாள்.

முகாமை நடத்தியவள் எமிலியானா என்ற வரலாற்று ஆசிரியை. புத்தகத்தை விரித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று, வரலாற்றையே விளையாட்டாக்கிவிட்டாள். ஐந்நூறு வருடங்களுக்கு முன் பலெர்மோவில் வாழ்ந்த யூதர்களாகப் பிள்ளைகள் மூன்று கிழமை வாழ வேண்டும். ஒருவன் கொல்லன் ஆனான். ஜெனனி சாயக்காரனின் மகளானாள். முழங்கை வரை நீலமாகத் திரிந்தாள். களிமண் பலகையில் எபிரேய எழுத்துக் கீறினார்கள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கிளம்புமுன் விளக்கேற்றி ரொட்டி பிட்டார்கள்.

அந்தக் காலத்து யூதர்களின் தொழுகை இடத்துக்கு இங்கே மெஸ்கித்தா என்று பெயர் என எமிலியானா சொன்னபோது, அற்புதமலர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அது முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்குத்தானே சொல்வது, சிஞ்ஞோரா?"

"இங்கே யூதர்களும் அரபுதான் பேசினார்கள், மலர். அவர்கள் வாயிலும் அந்தச் சொல்தான்."

அன்றைக்கு அவள் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். மறுநாள் அடுப்பை அணைத்தேனா என்று ரயில் நிலையத்திலிருந்து திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தாள். கத்தி ஒரு கையிலும் தக்காளி மறு கையிலுமாக எதற்கு வந்தேன் என்று தெரியாமல் தோட்டத்தில் நின்றாள்.

கடைசிக் கிழமை எமிலியானா அடுத்த கட்டத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அரசாணை வாசிக்கப்படும். சிசிலியின் யூதர்கள் எல்லோரும் தீவை விட்டு வெளியேற வேண்டும். 1492இல் நடந்தது அதுதான். உடுத்த உடுப்பு, ஒரு மெத்தை, ஒரு கம்பளி, வழிக்குச் சாப்பாடு, இவ்வளவுதான் கொண்டுபோக அன்று விட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் பிள்ளைகள் தாங்கள் செய்த பொருட்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

"நீ அயல்வீட்டுக்காரி, மலர். ஒன்றும் பேசத் தேவையில்லை. அட்டைக் கதவுக்குப் பின்னால் நில். தட்டுவார்கள். திறக்காதே. அவ்வளவுதான்."

முடியாது என்ற சொல் இத்தாலிய மொழியில் அவளுக்குத் தெரியும். வாயில் வரவில்லை.

வீட்டில் கணவன் கிரிசாந்திடம் சொன்னாள். நகரத்துப் பொலிதேயாமா அரங்கின் பக்கத்து அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வந்து களைத்திருந்தான்.

"விளையாட்டுத்தானே. போய் நில்லுமன்."

"ஜெசீமாவை உங்களுக்கு ஞாபகமில்லையே?"

அவன் முகம் மாறியது. "அதைக் கிளறாதையும்" என்று எழுந்து போய்விட்டான்.

ஜெசீமா அவர்களின் சொந்த ஊரான மன்னாரில் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண். தையல்காரி. ஜெனனியின் ஞானஸ்நானச் சட்டை அவள் தைத்தது. 1990 ஐப்பசியில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று துப்பாக்கியோடு திரிந்த இயக்கப் பெடியள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கிரிசாந் அப்போது கொழும்பில் இருந்தான். கடைசி நாள் காலை ஜெசீமா வந்து கதவைத் தட்டினாள்.

"மலர், மிசினை மட்டும் வைச்சுக்கொள். தூக்கிக்கொண்டு போக ஏலாது. மலர்!"

உள்ளே நாலு வயது ஜெனனி குரலைக் கண்டுகொண்டு "மாமி" என்று வாயெடுத்தாள். அற்புதமலர் அந்த வாயைப் பொத்தினாள். மூன்று முறை தட்டும் சத்தம். பிறகு கடற்கரைப் பக்கம் போகும் காலடிகள்.

வெள்ளிக்கிழமை வந்தது. எமிலியானா அரசாணையை வாசித்தாள். பிள்ளைகள் முதலில் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். நேரம் குறையக் குறையச் சிரிப்பு நின்றது. களிமண் பலகையை விட மனமில்லாமல் ஒருத்தி அழுதாள். அற்புதமலர் அட்டைக் கதவின் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றாள்.

தட்டியது ஜெனனி. "சிஞ்ஞோரா, இந்தத் துணியை வைத்திருங்கள். என் கை நிறைந்துவிட்டது."

இரண்டாவது முறை தட்டியபோது அற்புதமலரின் கை தானாக எழுந்து தன் வாயையே பொத்தியது. மூன்றாவது தட்டு விழுமுன் அவள் அட்டையை இரண்டு கையாலும் தள்ளினாள். கதவு சுருண்டு புல்லில் விழுந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நீ திறக்கக் கூடாது, மலர்!" என்று எமிலியானா கத்தினாள்.

"நான் திறக்கேல்லை" என்று தமிழில் சொன்னாள் அவள். பிறகு தனக்குத் தெரிந்த உடைந்த இத்தாலிய மொழியில், நின்றபடியே, மன்னாரில் நடந்ததைச் சொன்னாள். தையல் மிசின் என்ற சொல் வராமல் கையைச் சுழற்றிக் காட்டினாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

கொல்லனாக இருந்த சிறுவன் கேட்டான்: "திறந்திருந்தால் உங்களை என்ன செய்திருப்பார்கள்?"

"தெரியாது. தெரியாமலே பயந்தேன்."

ஜெனனி நீலத் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்: "ஜெசீமா மாமியோ? அவ விரும்பித்தான் போனவ எண்டெல்லோ எனக்குச் சொன்னீங்கள்?"

"பொய் சொன்னனான், பிள்ளை."

அன்று பாத்திரம் கழுவும்போது எமிலியானா சமையலறைக்கு வந்தாள். "மூன்று கிழமை பாடுபட்டதை ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டாய்" என்றாள் கோபத்தோடு. பிறகு ஒரு துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினாள். "கதவைத் திறக்காதே என்று இனி யாருக்கும் கட்டளை போடமாட்டேன். திறப்பதா வேண்டாமா என்று கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்."

ரயிலில் ஜெனனி தாய்க்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நாலு நாள் பேசவும் இல்லை. ஐந்தாம் நாள் வந்து, "மாமிக்குக் காகிதம் போடுவமே?" என்றாள்.

மன்னார்ப் பங்குச் சுவாமியாருக்கு எழுதி விலாசம் தேடினார்கள். மார்கழியில் புத்தளம் அகதி முகாமிலிருந்து பதில் வந்தது. ஜெசீமா அங்கே ஓலைக் கொட்டிலில் இரவல் மிசினில் தைத்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையின் குரல் பாதியிலே நிண்டது எனக்குக் கேட்டது" என்று எழுதியிருந்தாள். "நீ பயந்தது விளங்குது. எண்டாலும் கோபம் போகேல்லை. பிள்ளையின் படம் ஒண்டு அனுப்பு."

படம் அனுப்பினாள். அடுத்த கோடையில் எமிலியானா கூப்பிட்டபோது, சமைக்க வாறேன், ஆனால் அந்த வெள்ளிக்கிழமை என் கதையை நானே சொல்வேன் என்றாள். அதற்கடுத்த கோடையிலும் சொன்னாள். சொல்லச் சொல்ல மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள், ஆறவில்லை. அதற்கு முந்தின வியாழக்கிழமை குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள். மறுநாள் காலை அப்படியே ரயிலேறுவாள்.